பழைய எஸ்டீம் டெயில் லைட் கழட்ட வரல, நட் எல்லாம் எடுத்தாச்சு, அசையவே மாட்டேங்குது

பசுமலை_எஸ்டீம்
சனி, காலை 7:40

எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட இருக்குறது 2000 மாடல் மாருதி எஸ்டீம் கார், எங்கப்பா வாங்குன வண்டி, இப்ப நான்தான் ஓட்டுறேன். போன மழைக்கு டிக்கில ஈர வாடை அடிக்குதேன்னு மேட்ட தூக்கிப் பாத்தா ஸ்டெப்னி குழில ரெண்டு விரக்கடை தண்ணி நிக்குது, அடில துரு பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. டார்ச் அடிச்சுப் பாத்ததுல வலது பக்க டெயில் லைட்டுக்குக் கீழதான் தண்ணி வழிஞ்ச தடம் இருக்கு. அந்த லைட்டுலயே ஒரு மூலைல சின்ன விரிசலும் இருக்கு, ரிவர்ஸ் பல்பு ஹோல்டர் பச்சை பூத்துப் போச்சு. அதனால மொத்தமா வெளிய எடுத்து சுத்தம் பண்ணி திரும்ப ஒட்டி மாட்டிரலாம்னு நெனச்சேன். ஆர்சி, அதான் வண்டியோட பதிவுச் சான்று, அதோட ரினிவலும் வருது, 15 வருசம் முடிஞ்சப்பறம் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கான்னு ரெண்டு தடவை பண்ணியாச்சு, இது மூணாவது. லைட்டு சரியா எரியலன்னா இன்ஸ்பெக்சன்ல திருப்பி அனுப்பிருவாங்க.

பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டேன், வயர் கப்ளரும் உருவியாச்சு, டிக்கிக்குள்ளேருந்து பாக்ஸ் ஸ்பேனர்ல எக்ஸ்டென்ஷன் போட்டு நட் எல்லாத்தையும் எடுத்தாச்சு. லைட்டு முதுகுலேருந்து நீட்டிக்கிட்டு இருக்குற மரை போட்ட கம்பி, ஸ்டட்டுன்னு சொல்றது, மொட்டையா நிக்குது. ஆனா லைட்டு ஒரு இம்மி கூட அசையல. உள்ளேருந்து ரெண்டு கையாலயும் தள்ளிப் பாத்தேன். வெளிய ஓரத்துல ஸ்க்ரூ டிரைவர் விட்டு லேசா நெம்புனேன், பெயிண்ட் பொட்டுனு ஒரு அரிசி அளவு பேந்துருச்சு, அதோட நிறுத்திட்டேன். பக்கத்துல ஒரு மெக்கானிக்க கேட்டா, உடைச்சு எடுத்துட்டு வேற போட்டுக்கலாம் சார்ங்கிறாரு. எனக்கு அதுல மனசில்ல. யாராச்சும் இத உடைக்காம எடுத்திருக்கீங்களா?

மேலூர்_ரோடு
சனி, காலை 8:15

நட் எல்லாம் எடுத்தாச்சுன்னு உறுதியா தெரியுமா ப்ரோ? சில வண்டில ஒரு நட் டிரிம் கார்ப்பெட்டுக்குப் பின்னாடி மறைஞ்சு நிக்கும், கைய விட்டுத் தடவுனாதான் தெரியும். இன்னொன்னு, கொஞ்சம் புது வண்டிகள்ல வெளி ஓரத்துல நட்டே இருக்காது, பிளாஸ்டிக் குமிழ் ஒன்னு பாடில இருக்குற ஓட்டைக்குள்ள சொருகி நிக்கும், அத நேரா பின்பக்கமா இழுத்தாதான் வரும், சைடுல நெம்புனா ஒடியும். உங்க வண்டில அப்படி இருக்காதுன்னு நெனைக்கிறேன், இருந்தாலும் மொபைல் கேமராவ உள்ள விட்டு ஒரு வீடியோ எடுத்துப் பாருங்க.

பசுமலை_எஸ்டீம்
சனி, காலை 8:50

கார்ப்பெட் முழுசா உருவிட்டேன் ப்ரோ, மொபைல விட்டு வீடியோவும் எடுத்தேன். ஒளிஞ்ச நட் ஏதும் இல்ல, குமிழும் இல்ல.

உசிலை_800
சனி, காலை 9:30

அண்ணே ஒன்னே ஒன்னு சொல்லிக்கிறேன், ஸ்டட் நுனில எதையாச்சும் வச்சு சுத்தியலால தட்டிராதீங்க. போன வருசம் என் மாருதி 800ல அப்படித்தான் மரக்கட்டைய வச்சு நாலு தட்டு தட்டுனேன், ஸ்டட் நேரா பிளாஸ்டிக்க ஒடச்சுக்கிட்டு லைட்டுக்குள்ள போயிருச்சு. ஸ்டட் இரும்பு, அது நிக்கிறது பிளாஸ்டிக்ல. அடிக்கிற அடி பூராம் அந்த ஒரு எடத்துலதான் எறங்குது, கோந்து பிடிச்சிருக்குற எடத்துக்குப் போகவே இல்ல. அப்பறம் பாடியோட ஒட்டி நின்ன மிச்சத்த கத்தி வச்சு செதுக்கித்தான் எடுத்தேன். மாத்து லைட்டு தேடி மூணு ஞாயித்துக்கெழம பழைய சாமான் கடையா அலஞ்சேன்.

வில்லாபுரம்_டிங்கர்
சனி, பகல் 12:20

தம்பி, டிங்கரிங் வேலைல 30 வருசம் ஆகப்போகுது எனக்கு. இந்த லைட்டு விசயத்துல நெறைய பேரு தப்பு பண்றது எங்கன்னா, நட்டுதான் லைட்ட பிடிச்சிருக்குன்னு நெனைக்கிறாங்க. நட்டு ஒரு பங்குதான். லைட்டுக்கும் பாடிக்கும் நடுவுல தண்ணி போகாம இருக்க கருப்பா ஒரு கோந்து வச்சிருப்பாங்க, பியூட்டைல்னு பேரு, தார் மாதிரி பிசுபிசுன்னு இருக்கும். அது காயவே காயாது, ஆனா வருசம் ஆக ஆக நல்லா அமுங்கி பெயிண்டோட ஒன்னாயிரும். 25 வருசம் மதுர வெயில்ல நின்ன வண்டின்னா கேக்கவே வேணாம். சில வண்டில கோந்துக்குப் பதிலா ஸ்பாஞ்ச் வாஷர் இருக்கும், அது அட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும்.

பியூட்டைல எடுக்க பலம் வேணாம், சூடும் பொறுமையும்தான் வேணும். சூடு பட்டா இளகும், இளகுனப்பறம் பையப் பைய ஒரே மாதிரி இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். வெடுக்குன்னு இழுத்தீங்கன்னா கல்லு மாதிரி எதுத்து நிக்கும். மெதுவா இழுத்தா நீண்டுக்கிட்டே வந்துரும், அதோட கொணம் அப்படி. உள்ளேருந்து ஒரு ஆளு உள்ளங்கையால அழுத்திக்கிட்டே இருக்கணும், வெளிய ஒரு ஆளு துணியோட தாங்கிக்கிட்டு நிக்கணும். வெளிய ஆளு இல்லாம எறங்காதீங்க, திடீர்னு கழண்டு தரைல விழுந்தா அம்புட்டுதான்.

ஸ்க்ரூ டிரைவர தூக்கி உள்ள வச்சிருங்க. நெம்பணும்னா பட்டி பாக்குற பிளாஸ்டிக் தகடு 20, 30 ரூவாக்கு கெடைக்கும், அத வாங்கி ஓரத்துல மாஸ்கிங் டேப் ரெண்டு சுத்து ஒட்டிட்டு அப்பறம் விடுங்க. பேந்த எடத்துல இன்னிக்கே கொஞ்சம் பிரைமர் தொட்டு வைங்க, வெறும் தகடு தெரிஞ்சா ரெண்டே மழைல துரு பெயிண்டுக்கு அடில பரவும்.

டிரைவிங்_ஸ்கூல்_அக்கா
சனி, பிற்பகல் 3:05

நான் ஒத்தக்கடை பக்கம் டிரைவிங் ஸ்கூல் நடத்துறேன் தம்பி. எங்க வண்டி பின்னாடி அடி வாங்காத மாசமே கெடையாது, கத்துக்குறவங்க ரிவர்ஸ் எடுக்குறப்ப செவுரு, தூண், தென்னமரம்னு எல்லாத்துலயும் போய் முட்டும். அதனால டெயில் லைட்டு கழட்டி மாட்டுறது எங்களுக்கு வாடிக்கை.

நான் பண்றது சுடுதண்ணி. ஒரு குண்டா தண்ணி கொதிக்க வச்சு எறக்கி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, தேங்காப்பூ துண்ட அதுல முக்கி, பிழிஞ்சும் பிழியாமலும் லைட்ட சுத்தி ஓரத்துல போத்துவேன். ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா துண்ட மாத்தணும், அஞ்சாறு தடவை. கொதிக்கக் கொதிக்க நேரா ஊத்திறக் கூடாது, பழைய கண்ணாடில ஏற்கனவே விரிசல் இருந்தா சட்டுனு ஓடிரும். கை வச்சா சுருக்குங்குற அளவு சூடு போதும்.

சுடுதண்ணியே வேணாம்னா ஒன்னு பண்ணுங்க, வண்டியோட பின்பக்கம் மேக்க பாத்த மாதிரி மத்தியானம் ரெண்டு மணிலேருந்து நாலு மணி வரைக்கும் வெயில்ல போடுங்க. சித்திரை வெயில் பாதி வேலைய முடிச்சுக் குடுத்துரும். அப்பறம் துண்டு ரெண்டு சுத்து போதும்.

இன்னொன்னும் சொல்றேன். மொதல்ல பிரச்சன இல்லாத இடது பக்க லைட்ட கழட்டிப் பாருங்க. அது எப்படி வருதுன்னு கைக்கு ஒருக்கா தெரிஞ்சிருச்சுன்னா வலது பக்கம் எங்க மாட்டுதுன்னு புரியும். அங்கயும் கோந்து பழசாத்தான் இருக்கும், எப்படியும் ரெண்டையும் மாத்த வேண்டியதுதான்.

மாட்டுத்தாவணி_மாப்ள
சனி, மாலை 5:40

இதுக்கு எதுக்கு இம்புட்டு சிரமம், ஹீட் கன் வாடகைக்கு எடுத்து அஞ்சு நிமிசம் காட்டுனா வந்துரும்ல.

வில்லாபுரம்_டிங்கர்
சனி, இரவு 9:10

வேணாம் தம்பி. ஹீட் கன்னுலேருந்து வர்ற காத்து 300, 400 டிகிரிக்கு மேல போகும். டெயில் லைட்டோட செவப்பு கண்ணாடின்னு நாம சொல்றது அக்ரிலிக், பின்னாடி டப்பா ஏபிஎஸ் பிளாஸ்டிக், ரெண்டுமே 100 டிகிரிய ஒட்டி இளக ஆரம்பிச்சிரும். நீங்க கோந்து இளகட்டும்னு காட்டுவீங்க, அதுக்குள்ள ஓரம் அப்பளம் மாதிரி நெளிஞ்சிரும். நெளிஞ்ச லைட்டு திரும்ப எந்தக் கோந்து வச்சாலும் உக்காராது, காலத்துக்கும் தண்ணி எறங்கும். பெயிண்டும் கொப்புளிக்கும். வீட்ல தலமுடி காய வைக்கிற டிரையர் இருந்தா அது போதும், அதையும் ஒரே எடத்துல காட்டாம ஆட்டிக்கிட்டே இருக்கணும்.

பெட்ரோல், தின்னர ஊத்தி கோந்த கரைக்கலாம்னும் யாராச்சும் வந்து சொல்லுவாங்க. லைட்டு மாட்டி இருக்குறப்ப அது கூடவே கூடாது. அக்ரிலிக்ல தின்னர் பட்டா ஒடனே ஒன்னும் தெரியாது, கொஞ்ச நாள் கழிச்சு உள்ளுக்குள்ள மயிரிழ மாதிரி நூத்துக்கணக்குல விரிசல் ஓடும்.

பசுமலை_எஸ்டீம்
ஞாயிறு, மாலை 6:30

அக்கா சொன்ன மாதிரியே இன்னிக்கு மத்தியானம் வெயில்ல போட்டு, துண்டு நாலு சுத்து போட்டு இடது பக்கத்துல ஆரம்பிச்சேன். என் தம்பி வெளிய பிடிச்சுக்கிட்டான், நான் டிக்கிக்குள்ள குனிஞ்சு உள்ளங்கையால அழுத்திக்கிட்டே இருந்தேன். மொத அஞ்சு நிமிசம் ஒன்னுமே இல்ல, அப்பறம் லேசா ஒரு பக்கம் விட்டுச்சு, கோந்து நூல் நூலா இழுத்துக்கிட்டே மொத்தமா வந்துருச்சு. மொத்தம் இருபது நிமிசம் இருக்கும். பெயிண்டுக்கு ஒரு கீறல் இல்ல, ரொம்ப சந்தோசமாயிருச்சு.

அதே தெம்புல வலது பக்கத்துக்குப் போனேன். துண்டு ஒம்போது சுத்து, டிரையர், அழுத்தம், எல்லாம் பண்ணியாச்சு. அசையல. ரெண்டு பேரு கையும் வலிச்சதுதான் மிச்சம். இடது பக்கம் இம்புட்டு சுளுவா வந்துட்டு வலது பக்கம் மட்டும் ஏன் இப்படின்னு புரியல.

பாலமேடு_சாண்ட்ரோ
ஞாயிறு, மாலை 7:15

நடுவுல புகுந்து கேக்குறேன் மன்னிச்சுக்கங்க. எனக்கு வேற மாதிரி பிரச்சன. என் சாண்ட்ரோ டெயில் லைட்டுல நட்ட சுத்துனா ஸ்டட்டும் சேந்து சுத்துது, நட்டு வெளியவே வரல. என்ன பண்றது?

மேலூர்_ரோடு
ஞாயிறு, இரவு 8:00

துருல நட்டும் ஸ்டட்டும் ஒன்னாயிருச்சு, ஸ்டட் பிளாஸ்டிக்ல லூசாயிருச்சு ப்ரோ. இனிமே சுத்தாதீங்க, சுத்தச் சுத்த பிளாஸ்டிக்ல ஓட்டை பெருசாகும். துரு எளக்குற ஸ்ப்ரேய மரைல மட்டும் படுற மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரெண்டு தடவை அடிங்க, பிளாஸ்டிக்ல பட்டா தொடச்சிருங்க. அப்பறம் ஸ்டட் நுனி நட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அத கிரிப் பிளேயர்ல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நட்ட ரிங் ஸ்பேனர்ல திருப்புங்க. நுனி மரை நசுங்கினா கவலப்படாதீங்க, நட்டு அது வழியா வெளிய வந்தப்பறம் அரத்தால ஒரு இழு இழுத்து சரி பண்ணிக்கலாம். அதுவும் முடியலன்னா ஆக்சா பிளேட துணி சுத்திக் கைல பிடிச்சு நட்டோட ஒரு பக்கத்த மட்டும் அறுங்க, முக்கால்வாசி அறுத்ததும் உளிய வச்சு லேசா தட்டுனா பொளந்துரும். நட்டு போனா போகுது, அஞ்சு ரூவா.

புது நட்டு வாங்கப் போறப்ப பழசக் கைல கொண்டு போங்க. 5 எம்எம் மரைன்னா 8ஆம் நம்பர் ஸ்பேனர், 6 எம்எம் மரைன்னா 10ஆம் நம்பர். மாத்தி வாங்கி வந்து ஏத்துனீங்கன்னா உள்ள மரையே போயிரும்.

வில்லாபுரம்_டிங்கர்
ஞாயிறு, இரவு 9:45

பசுமலை தம்பி, ஒரு பக்கம் வருது ஒரு பக்கம் வரலன்னா எனக்கு ஒரே சந்தேகந்தான். அந்தப் பக்கம் முன்னாடி எப்பவாச்சும் அடி வாங்கி வேல பாத்திருக்கா? ஓரத்துல பிதுங்கி நிக்கிற கோந்த நகத்தால கொஞ்சம் கிள்ளிப் பாருங்க. இழுத்தா சூயிங்கம் மாதிரி நூலா வருதா, இல்ல ரப்பர் மாதிரி அமுக்குனா திரும்பி எந்திரிக்குதா? அத மட்டும் பாத்து சொல்லுங்க, வேற எதுவும் பண்ணாதீங்க.

பசுமலை_எஸ்டீம்
திங்கள், காலை 6:50

அண்ணே, கிள்ளிப் பாத்தேன். நூலா வரவே இல்ல. கெட்டி ரப்பர் மாதிரி இருக்கு, நகத்தால அமுக்குனா பள்ளம் விழுந்துட்டு திரும்ப எந்திரிக்குது, பிய்ச்சா துண்டா பிய்யுது. சூடு பண்ணதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு.

நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வந்துச்சு, 2011ல திருமங்கலத்துலேருந்து வர்றப்ப ஒரு வேன் பின்னாடி வலது மூலைல இடிச்சிருச்சு. அப்ப அப்பா ஒரு பட்டறைல விட்டு டிங்கரிங் பெயிண்டிங் எல்லாம் பண்ணி எடுத்துட்டு வந்தாரு. அம்மாட்ட கேட்டேன், ஆமா அந்த லைட்டக் கழட்டித்தான் வேல பாத்தாங்கன்னு சொன்னாங்க.

வில்லாபுரம்_டிங்கர்
திங்கள், காலை 11:30

அப்ப அது பியூட்டைலே இல்ல தம்பி. முன் கண்ணாடி ஒட்டுற பாலியூரிதேன் கோந்த போட்டு ஒட்டி வச்சிருக்காங்க. பட்டறைல கண்ணாடி மாத்துன டியூப் மிச்சம் இருக்கும், தண்ணி வரக்கூடாதுன்னு நல்லெண்ணத்துலதான் செஞ்சிருப்பாங்க, ஆனா அது இந்த எடத்துக்கு ஆகாத வேல. ரெண்டு கோந்துக்கும் அடிப்படையே வேற. பியூட்டைல் கடைசி வரைக்கும் களி மாதிரியே இருக்கும், சூட்டுக்கு இளகும். பாலியூரிதேன் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சி உள்ளுக்குள்ள கெட்டியாகி ரப்பராவே மாறிரும், மாறுனப்பறம் சுடுதண்ணிக்கெல்லாம் அசஞ்சு குடுக்காது. முன் கண்ணாடி ஓடுற வண்டில காத்துக்கும் அடிக்கும் கழண்டு போகக் கூடாதுன்னு செஞ்ச சாமான் அது. நீங்களும் தம்பியும் தள்ளி அது வராது, இன்னும் பலமா தள்ளிருந்தீங்கன்னா டப்பா ஒடஞ்சிருக்கும், நிறுத்துனது நல்லதாப் போச்சு.

இத அறுத்துத்தான் எடுக்கணும். கண்ணாடி கழட்டுறவங்க எப்படி முறுக்குக் கம்பிய உள்ள விட்டு ரெண்டு பக்கமும் ஆள் நின்னு இழுத்து அறுப்பாங்களோ அதே மாதிரி. தூண்டி நரம்புல முயற்சி பண்ணலாம், ஆனா பாலியூரிதேன்ல நாலு இழுப்புல சூடேறி அத்துப் போகும். சைக்கிள் கடைல பழைய பிரேக் வயர் கேளுங்க, உள் கம்பிய முறுக்கப் பிரிச்சீங்கன்னா மெல்லிசா தனித்தனி இழை வரும், அதுல ரெண்டு இழைய சேத்து முறுக்கிக்கங்க. ரெண்டு நுனிலயும் சின்னக் குச்சியக் கட்டிக்கங்க, இல்லன்னா விரல அறுத்துரும், கையுறையும் போட்டுக்கங்க.

மொதல்ல பாடி ஓரம் பூராம் மாஸ்கிங் டேப் மூணு சுத்து. மேல் மூலைலேருந்து ஆரம்பிங்க, அங்கதான் எடம் கொஞ்சம் அகலமா இருக்கும். சோப்புத் தண்ணிய ஸ்ப்ரே பாட்டில்ல வச்சு அடிச்சுக்கிட்டே ரம்பம் இழுக்குற மாதிரி இழுங்க. முக்கியமா கம்பிய பிளாஸ்டிக் பக்கமா சாச்சே வைங்க, பாடி பக்கம் சாஞ்சா பெயிண்ட அறுத்து தகட்ட காட்டிரும். லைட்டு முதுகுல நாலு கோடு விழுந்தா யாருக்கும் தெரியப் போறதில்ல. ஸ்டட் இருக்குற எடம் வர்றப்ப கம்பி முட்டும், அங்க வெளிய எடுத்து அடுத்த பக்கத்துலேருந்து விடுங்க, ஸ்டட்டோட சண்ட போடாதீங்க.

உசிலை_800
திங்கள், மதியம் 1:10

இது எனக்கு அப்பவே தெரியாமப் போச்சே அண்ணே. என் 800லயும் இதே ரப்பர்தான் இருந்துச்சு.

டிரைவிங்_ஸ்கூல்_அக்கா
திங்கள், இரவு 8:20

தம்பி, அறுக்குறப்ப கீழ ஒரு பழைய மெத்தையோ தலகாணியோ போட்டு வைங்க. கடைசி ஓரம் விடுறப்ப சட்டுனு விழும். அப்பறம் வண்டிய விட்டுட்டுப் போற மாதிரி இருந்தா அந்த ஓட்டைய பிளாஸ்டிக் கவரு வச்சு டேப் ஒட்டுங்க, கோடை மழை எப்ப வரும்னு சொல்ல முடியாது.

பசுமலை_எஸ்டீம்
புதன், இரவு 9:30

வந்துருச்சு!

பழங்காநத்தத்துல ஒரு சைக்கிள் கடைல கேட்டதும் பழைய பிரேக் வயர சும்மாவே குடுத்துட்டாரு. மொத இழை பத்து நிமிசத்துல அந்து போச்சு, ஒத்த இழையா விட்டது என் தப்பு, அண்ணன் சொன்ன மாதிரி ரெண்ட முறுக்குனப்பறம் அந்து போகல. சோப்புத் தண்ணி இல்லாம கொஞ்சம் இழுத்துப் பாத்தேன், கம்பி கோந்துலயே சிக்கிக்கிச்சு, தண்ணி அடிச்சதும் வழுக்கிக்கிட்டு போகுது, வித்தியாசம் அப்படியே கைல தெரியுது. மேல் ஓரமும் வெளி ஓரமும் முக்கா மணி நேரத்துல முடிஞ்சிருச்சு. கீழ் ஓரந்தான் பம்பர் இடிச்சுக்கிட்டு கம்பிய இழுக்க எடம் இல்ல, அங்க பட்டித் தகட்ட சோப்புத் தண்ணில நனச்சு கொஞ்சம் கொஞ்சமா சொருகி சொருகி விட்டேன். மொத்தம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கடைசில தலகாணிலதான் விழுந்துச்சு அக்கா, ரொம்ப நன்றி.

லைட்டு முழுசா இருக்கு. ஸ்டட் எல்லாம் நிக்குது. பாத்தீங்கன்னா கீழ் ஓரத்துல ஒரு விரக்கடை நீளத்துக்கு கோந்து படவே இல்ல, அந்த இடைவெளி வழியாத்தான் இத்தன வருசமா தண்ணி உள்ள போயிருக்கு. மத்த எடமெல்லாம் இரும்பா ஒட்டி இருக்கு, ஓட்டை விட்ட எடத்துல ஓட்டை. லைட்டுக்குப் பின்னாடி தகட்டுல காசு அளவுக்கு ரெண்டு எடத்துல துரு, தட்டிப் பாத்தேன், ஓட்டை விழல.

இப்ப அடுத்த கேள்வி. பாடில மிச்சம் ஒட்டி இருக்குறத எப்படி எடுக்குறது, திரும்ப எத வச்சு ஒட்டுறது? கடைல சிலிக்கான் டியூப் குடுத்தாங்க, வாங்கி வச்சிருக்கேன்.

வில்லாபுரம்_டிங்கர்
புதன், இரவு 10:40

சபாஷ் தம்பி. அந்த சிலிக்கான இப்போதைக்கு திறக்காதீங்க. டியூப் வாயில மோந்து பாருங்க, வினிகர் மாதிரி புளிச்ச வாடை வந்துச்சுன்னா அது காயறப்ப அசிட்டிக் ஆசிட் விடுற ரகம். பாத்ரூம் டைல்ஸுக்கு நல்லது. வண்டில மூடுன எடத்துக்குள்ள வச்சீங்கன்னா அந்த ஆசிட் ஆவி தகட்டையும் பல்பு ஹோல்டர் பித்தளையையும் அரிக்கும். அதோட சிலிக்கான் பட்ட எடத்துல பின்னால பெயிண்டே ஒட்டாது, குழி குழியா விலகும். டிங்கர், பெயிண்டர் யாரக் கேட்டாலும் சிலிக்கான் பட்ட வண்டின்னா மொகம் சுளிப்பாங்க.

பியூட்டைல் டேப் சுருளா கெடைக்கும், ஹெட்லைட் வேல பாக்குறவங்ககிட்ட இருக்கும். அதான் சரி. லைட்டு முதுகுல காடி, அதான் சுத்தி ஓடுற பள்ளம், இருந்தா அந்தக் காடி வழியாவே சுத்தி ஒட்டிக்கிட்டு வந்து, ஆரம்பிச்ச எடத்துல ஒரு விரல் அளவுக்கு மேல ஏத்தி முடிங்க. அந்த சேருற எடம் மேல் பக்கமோ சைடுலயோ வர்ற மாதிரி பாத்துக்கங்க, கீழ வேணாம். ஒவ்வொரு ஸ்டட் அடிலயும் தனியா ஒரு வளையம் வைங்க, நெறைய பேரு அத மறந்துட்டு அந்த ஓட்டை வழியா தண்ணி வருதுன்னு திரும்ப வருவாங்க.

மிச்சம் இருக்குற பாலியூரிதேன பிளாஸ்டிக் தகட்டுல சீவுங்க, ஒரு தாள் கனத்துக்கு மிச்சம் நின்னா பரவால்ல. இடது பக்க பியூட்டைல் பிசுக்குக்கு நீலகிரி தைலத்த துணில தொட்டு பெயிண்டுல தேச்சா வந்துரும், அப்பறம் சோப்பு போட்டுக் கழுவணும். தைலத்த லைட்டு பக்கம் கொண்டு போகாதீங்க. துருவ 120 நம்பர் உப்புத்தாள்ல பளபளன்னு தகடு தெரியுற வரைக்கும் தேச்சு, பிரைமர் ரெண்டு கோட்டு, மேல பெயிண்டு. நல்லா காஞ்சப்பறந்தான் கோந்து.

நட்டு இறுக்குறதுல ஒரு விசயம் இருக்கு. ஒரே நட்ட ஒரேயடியா முடுக்காதீங்க. எல்லாத்தையும் கையால ஏத்திட்டு, மாத்தி மாத்தி அரச் சுத்து அரச் சுத்தா வைங்க. கோந்து ஓரத்துல லேசா பிதுங்குனதும் நிறுத்திரணும். மறுநாள் வெயில் பட்டு கோந்து அமுங்கும், அப்ப இன்னொரு கால் சுத்து. பிளாஸ்டிக்ல நிக்கிற ஸ்டட்டு, சைக்கிள் நட்ட முடுக்குற மாதிரி முடுக்குனா உள்ளயே சொழண்டுரும்.

மேலூர்_ரோடு
வியாழன், காலை 8:05

லைட்டு வெளிய இருக்குறப்பவே மின்சார வேலையும் முடிச்சிருங்க ப்ரோ, அப்பறம் குனிஞ்சு நெளிஞ்சு பண்றது கஷ்டம். பச்சை பூத்த ஹோல்டர ஐஸ்கிரீம் குச்சில 400 நம்பர் தாள் சுத்தித் தேய்ங்க. எர்த் வயரு பாடில சேருற எடத்த கழட்டி அடில பெயிண்டு, துரு இல்லாம சுத்தம் பண்ணி இறுக்குங்க. பழைய வண்டில பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் லேசா மினுங்குறது, பார்க்கிங் லைட் போட்டா பிரேக் லைட் மங்குறது, இதுல முக்காவாசி பல்பு கோளாறே இல்ல, எர்த் கோளாறு. போன கரண்டு திரும்பி வர வழி இல்லாம பக்கத்து பல்பு வழியா சுத்திப் போகுது.

பல்பு வாங்குறப்பவும் கவனிங்க. பிரேக்கும் பார்க்கிங்கும் சேந்தது ரெண்டு இழை இருக்குற 21/5 வாட் பல்பு, அதுல ரெண்டு பின்னும் ஒன்னு மேல ஒன்னு கீழ ஏத்த எறக்கமா இருக்கும். இண்டிகேட்டருக்கும் ரிவர்ஸுக்கும் ஒத்த இழை 21 வாட், பின் ரெண்டும் ஒரே மட்டம். ஏத்த எறக்க பின் உள்ளத திருப்பிப் போட்டு அமுக்கி மாட்டுனா பிரேக் லைட்டு மங்கலாவும் பார்க்கிங் லைட்டு பளிச்சுன்னும் எரியும், ராத்திரில பின்னாடி வர்றவனுக்கு நீங்க பிரேக் போட்டதே தெரியாது. இன்ஸ்பெக்சன விட அதுதான் முக்கியம்.

பாலமேடு_சாண்ட்ரோ
வியாழன், மாலை 6:00

கிரிப் பிளேயர்ல நட்டு வந்துருச்சு ப்ரோ, ஆக்சா பிளேடு தேவைப்படல. ஒரு ஸ்டட் மட்டும் பிளாஸ்டிக்ல ஆடுது, என்ன போட்டு ஒட்டலாம்?

உசிலை_800
வியாழன், இரவு 7:25

ரெண்டு டியூப் கலக்குற எபாக்சி போடுங்க ப்ரோ, நான் அதுலதான் ஒட்டுனேன். ஸ்டட்ட வெளிய எடுத்து அடிப்பக்கத்த அரத்தால சொரசொரப்பாக்கிட்டு, குழில எபாக்சி நெறச்சு நேரா நிறுத்துங்க. பாடில இருக்குற ஓட்டைக்கு நேரா வருதான்னு ஒரு அட்டைல அச்சு எடுத்து வச்சுப் பாத்துட்டு நிறுத்துங்க. டப்பால அஞ்சு நிமிசம்னு போட்டிருந்தாலும் ஒரு நா முழுக்க விட்ருங்க.

டிரைவிங்_ஸ்கூல்_அக்கா
வியாழன், இரவு 9:00

மாட்டி முடிச்சதும் தண்ணி விட்டுப் பாக்காம கார்ப்பெட்ட போட்றாதீங்க தம்பி. நாங்க கோலமாவ உள்பக்கம் லைட்ட சுத்தி மெல்லிசா தூவி விடுவோம். வெளிய ஓஸ் பைப்ல கீழேருந்து மேல பத்து நிமிசம் தண்ணி அடிக்கணும், மேலேருந்து ஆரம்பிச்சா எந்த எடத்துல எறங்குதுன்னு தெரியாமப் போயிரும். சொட்டுத் தண்ணி பட்டாலும் மாவுல கோடு விழுந்துரும்.

பசுமலை_எஸ்டீம்
ஞாயிறு, இரவு 7:45

நேத்து பெயிண்டு காஞ்சதும் ரெண்டு லைட்டையும் மாட்டியாச்சு. பியூட்டைல் டேப் தேடத்தான் ஒரு நாள் ஓடுச்சு, கடைசில ஹெட்லைட் கடைக்காரர் ஒருத்தரு தன்னோட சுருள்லேருந்து ரெண்டு மீட்டர் வெட்டிக் குடுத்தாரு. விரிசல் இருந்த மூலைல உள்பக்கமா அக்ரிலிக் ஒட்டுற பசைய மெல்லிசா ஓட விட்டேன், வெளிய பாத்தா தெரியல.

இன்னிக்குக் காலைல கால் சுத்து இறுக்கிட்டு, கோலமாவு தூவி தண்ணி அடிச்சோம். தம்பி ஓஸ் பிடிச்சான், நான் டார்ச்சோட டிக்கிக்குள்ள படுத்துக்கிட்டேன். வலது பக்கம் ஒரு பொட்டு கூட நனையல. இடது பக்கம் மேல ஒரு ஸ்டட் கிட்ட மாவுல கோடு விழுந்துச்சு, வளையம் வைக்க மறந்த ஸ்டட் அது. திரும்ப கழட்டி வளையம் வச்சு மாட்டுனேன், இந்தத் தடவை கோந்து புதுசுங்கிறதால துண்டு ஒரு சுத்துலயே வந்துருச்சு. ரெண்டாவது தடவை தண்ணி அடிச்சப்ப சுத்தமா காஞ்சிருந்துச்சு.

மேலூர் ப்ரோ சொன்ன எர்த்த கழட்டிப் பாத்தேன், அடில பச்சையும் துருவுமா ஒரு படலம் இருந்துச்சு. அத தேச்சு இறுக்குனதும் பிரேக் லைட்டு ரெண்டும் ஒரே அளவுல எரியுது. வலது பக்கம் மங்கலா எரியுறத நாங்க பழசுன்னு விட்டுட்டு இருந்தோம். சாயங்காலம் அம்மா வந்து வண்டிக்குப் பின்னாடி நின்னாங்க, நான் பிரேக்க மிதிச்சேன், உங்கப்பா இருந்தப்ப எரிஞ்ச மாதிரி எரியுதுடான்னாங்க.

ஸ்டெப்னி குழி ரப்பர் மூடிய எடுத்து கழுவி காய வச்சிருக்கேன். ஆர்சி ரினிவலுக்கு ஃபார்ம் 25 எழுதியாச்சு, ஆர்சி முடியுற தேதிக்கு 60 நாளுக்குள்ள இருந்தா முன்கூட்டியே குடுக்கலாம்னாங்க, இந்த வாரமே குடுக்கப் போறேன்.

வில்லாபுரம்_டிங்கர்
ஞாயிறு, இரவு 9:20

நல்லது தம்பி. ரப்பர் மூடி ஓரம் வெடிச்சிருந்தா புதுசு போட்ருங்க. அந்த அரிசி அளவு பேந்த எடத்த தொட்டாச்சா?

பசுமலை_எஸ்டீம்
ஞாயிறு, இரவு 9:35

தொட்டாச்சுண்ணே, அன்னிக்கே.